வேனுக்கு ஒரு பனியன்

தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து திருப்பூருக்கு வந்து, இருபது வருஷம் கட்டிங் மாஸ்டராக ஊராருக்குத் துணி வெட்டிவிட்டு, பிறகு நெருப்பெரிச்சலில் சின்னதாக ஒரு செக்கிங் யூனிட் போட்டவன் நான். தைத்து வரும் பனியன்களை ஒவ்வொன்றாக விரித்துப் பார்ப்போம். பிசிறு வெட்டுவோம். ஓட்டை, கறை, தையல் விட்ட இடம் ஏதாவது தென்பட்டால் அந்த இடத்தில் அம்புக்குறி போட்ட சிவப்பு ஸ்டிக்கரை ஒட்டி ஒதுக்குவோம். மிச்சத்தை 'ஓகே பீஸ்' என்று மடித்துப் பெட்டியில் அடுக்கி அனுப்புவோம். சுருங்கச் சொன்னால், அடுத்தவர் செய்த தப்பைக் கண்டுபிடிப்பதுதான் எங்கள் தொழில். அதில் எனக்குக் கொஞ்சம் திமிரும் உண்டு. ஒரே ஒரு பீஸில் ஒரு நூல் தப்பிப் போய்விட்டால்கூட, "கண்ண எங்க வச்சுக்கிட்டு வேல பாக்கீய?" என்று கூரைத் தகடு அதிரக் கத்துவேன். கத்திய ஐந்தாவது நிமிஷம் எல்லோருக்கும் டீ சொல்வேன். அதனால் என் கத்தலை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை.

இங்கே வேலைக்குப் பஞ்சமில்லை, ஆளுக்குத்தான் பஞ்சம். பெரிய கம்பெனிகள் பஸ் விட்டு ஊர் ஊராக ஆள் ஏற்றிப் போகின்றன. வீட்டு வாசலுக்கு எந்த வண்டி வருகிறதோ அந்த வண்டிக்காரன்தான் முதலாளி. என்னிடம் பஸ் இல்லை. ஒரு பழைய வேன் இருந்தது. காலையில் அவிநாசிப் பக்கம் போய் ஏழு பெண்களை ஏற்றி வருவேன். பகலில் அதே வேனில் பனியன் கட்டுகளை ஏற்றி இறக்குவேன். மாலையில் மறுபடி ஏழு பேரையும் கொண்டுபோய் விடுவேன். டிரைவரும் நான்தான், முதலாளியும் நான்தான்.

அந்த ஏழு பேரில் ஒருவரை, நானும் என் மனைவியும் உள்பட எல்லோரும் செக்கிங் அக்கா என்றுதான் கூப்பிடுவோம். வயதில் எனக்கு இளையவர். சின்ன வயதில் வந்த காய்ச்சலில் இடது கால் சூம்பிவிட்டது. நீளமாக நடக்க முடியாது. உயரமான ஸ்டூல் ஒன்றைப் போட்டு மேஜை முன்னால் உட்கார வைத்துவிட்டால் அந்த விரல்களுக்கு ஈடு கிடையாது. துணியைத் தடவிக்கொண்டே பக்கத்துப் பெண்ணிடம் நாத்தனார் கதை சொல்லிக்கொண்டிருப்பார். திடீரென்று விரல் நிற்கும். அந்த இடத்தில் ஊசி முனை அளவுக்கு ஓர் ஓட்டை இருக்கும். கதை நிற்காமல் போய்க்கொண்டே இருக்கும்.

அவர் வீடு மெயின் ரோட்டிலிருந்து இரண்டு கிலோமீட்டர் உள்ளே, தோட்டத்துக்கு நடுவில். இரண்டு பக்கமும் முள்வேலி. நடுவில் என் வேன் போகிற அகலத்துக்கு ஒரு மண் தடம். எந்தக் கம்பெனி பஸ்ஸும் அதற்குள் நுழையாது. என் வேன் நுழையும். அவர் வாசலில் நின்று ஹாரன் அடித்தால், டிபன் பையோடு நாலு எட்டு வைத்து ஏறிக்கொள்வார்.

போன வருஷம் தீபாவளி முடிந்து, ஊருக்குப் போனவர்கள் பாதிப் பேர் திரும்பி வராத ஒரு காலை நேரம். ஏழு பேரையும் ஏற்றிக்கொண்டு வந்தபோது, திருமுருகன்பூண்டியில் சிலை செதுக்கும் பட்டறைகளுக்கு எதிரே வேன் ஒரு முறை குலுங்கியது. பிறகு என் இருக்கைக்கு அடியில் 'கடக்' என்று ஒரு சத்தம். அதோடு நின்றுவிட்டது. அந்த வேனில் இன்ஜின் டிரைவர் இருக்கைக்கு அடியில்தான் இருக்கும். கொஞ்ச நாளாகவே உட்கார முடியாத சூடு. நான் வெயில் என்று நினைத்து, பேக்கிங் அட்டைப் பெட்டி ஒன்றை மடித்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்து ஓட்டிக்கொண்டிருந்தேன். சூடு காட்டும் முள் செத்துப்போய்ப் பல வருஷம் ஆகிவிட்டது. அது எப்போதும் நடுவிலேயே நிற்கும், யாருக்கும் பொல்லாப்பு வேண்டாம் என்பது போல.

பெண்கள் இறங்கிக் கற்பலகைகளின்மேல் உட்கார்ந்து டிபன் டப்பாவைத் திறந்துவிட்டார்கள். பின்னால் முகம் செதுக்காத ஒரு பிள்ளையார். பட்டறைக்காரர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். நான் மட்டும் வேனைச் சுற்றிச் சுற்றி வந்தேன். புகை அடங்கியதும் மெக்கானிக் ஒரு வண்டியோடு வந்து வேனைக் கட்டி இழுத்துப் போனார்.

அன்று மத்தியானம் ஷெட்டுக்குப் போனேன். மெக்கானிக் இந்தப் பக்கத்து ஆள். பதறாமல் பேசுவார்.

"இன்ஜின் புடிச்சுப்போச்சுங்ணா. சூடு தாங்காம ஹெட்டும் போயிருக்குது. எறக்கிச் செய்யலாமுங்க, ஆனாச் செலவு வண்டி வெலைக்குக் கிட்ட வந்துரும். செய்யறதா, காயலான் கடைக்குப் போடறதான்னு ஊட்டுல பேசிட்டுச் சொல்லுங்க."

"சரி."

"எனக்கு ஒண்ணுதானுங்க புரியல. இத்தன சூடு எப்படி ஆச்சு? முன்னாடி ரேடியேட்டருக்குக் காத்துப் போகாம ஏதோ அடைச்சிருக்கோணும். செய்யறதா இருந்தா மொதல்ல மூஞ்சியக் கழட்டிப் பாக்கோணுமுங்க."

அடைத்துக்கொண்டிருப்பது என்ன என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அது நான் தைத்த பனியன்.

விஷயம் இதுதான். பஞ்சு எங்கள் ஊரில் காற்றோடு கலந்தது. ஆனி, ஆடி மாதக் காற்றில் நிட்டிங் கம்பெனிகளின் பஞ்சுத் தூசு முழுக்க ரோட்டில் பறக்கும். அது ரேடியேட்டரின் மெல்லிய தகடுகளுக்குள் போய் அப்பிக்கொள்ளும். மெக்கானிக் வருஷா வருஷம் காற்றடித்து எடுப்பார். அந்த வருஷம் ஆனியில் எனக்கு ஒரு யோசனை வந்தது. இத்தனை வருஷம் மனிதருக்குத் தைத்தோமே, வண்டிக்கு ஒன்று தைத்தால் என்ன? கிடந்த சாம்பல் நிற வலைத் துணியில், ரேடியேட்டர் அளவுக்கு வெட்டி, சுற்றிலும் எலாஸ்டிக் வைத்து, விளிம்பு பிரியாமல் ஓவர்லாக் அடித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை தனியாக உட்கார்ந்து மாட்டிவிட்டேன். பஞ்சு துணியில் நிற்கும், வாரம் ஒரு முறை கழற்றித் துவைத்து மாட்டினால் போதும். என் மூளையை நானே மெச்சிக்கொண்டேன். இரண்டு வாரம் துவைத்தேன். மூன்றாவது வாரம் மறந்தேன். அப்புறம் அப்படி ஒன்று மாட்டியதே மறந்துபோனது. பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காக முடிந்த கதை.

என் யூனிட்டில் இருக்கிற பெண்களுக்கு இது தெரிந்தால்? ஒரு நூலுக்குக் கூரை அதிரக் கத்துகிறவன், நாலு மாதம் ஒரு முழுத் துணியை மறந்து இன்ஜினையே கொன்றான் என்று தெரிந்தால்? ஆயுசுக்கும் நான் வாய் திறக்க முடியாது. வேனை ரிப்பேர் செய்தால் மெக்கானிக் முன்பக்கத்தைக் கழற்றுவார், மானம் போகும். பழைய இரும்புக்குப் போட்டால் துணியோடு சேர்ந்து உருகிப்போகும், மானம் தப்பும். நான் முடிவு செய்துவிட்டேன்.

"வேனைப் போட்டுருவோம்" என்று மனைவியிடம் சொன்னேன்.

அவள் மடித்துக்கொண்டிருந்த பனியனைக் கீழே வைத்தாள். "இருவத்தஞ்சு வருசத்துல ஒரு பிஞ்ச செருப்பத் தூக்கி எறிஞ்சிருக்கீயளா? கால் ஒடிஞ்ச நாற்காலிக்கு நூல் சுத்துற கோனைக் கட்டி ஓட்டுற ஆளு, இன்னைக்கு வேனையே எறியணும்ங்கீய. என்ன விசயம்?"

"காலம் மாறுதுல்லா? பழசக் கட்டிக்கிட்டு அழ முடியுமா?"

"புதுசு வாங்கணும்னா கடன் வாங்கணும். எனக்கு அது ஆகாது. ரிப்பேர் பாருங்க."

இப்படியே நாலு நாள் ஓடியது. அதுவரை ஒரு வாடகை வேன் பிடித்திருந்தேன். பளபளவென்று நீளமான வண்டி. அதன் டிரைவர் முள்வேலித் தடத்தை ஒரு பார்வை பார்த்துவிட்டு, கண்ணாடி போய்விடும் என்று மெயின் ரோட்டிலேயே நிறுத்திக்கொண்டார். செக்கிங் அக்கா அந்த இரண்டு கிலோமீட்டரையும் காலை ஒரு தடவை, மாலை ஒரு தடவை நடந்தார். முதல் நாள் சிரித்துக்கொண்டே ஏறினார். மூன்றாம் நாள் ஸ்டூலில் உட்கார்ந்ததும் கணுக்காலைத் தேய்த்துக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். பார்க்காத மாதிரி நகர்ந்துவிட்டேன். அதை இப்போது எழுதும்போதும் வெட்கமாகத்தான் இருக்கிறது.

நடுவில் நான் இன்னொரு வழி யோசித்தேன். மெக்கானிக் சாப்பிடப் போகிற நேரம் பார்த்து ஷெட்டுக்குப் போய்த் துணியை மட்டும் உருவிவிட்டால் என்ன? அப்புறம் தாராளமாக ரிப்பேர் செய்யலாம், அக்காவும் நடக்க வேண்டாம். போனேன். ஆனால் வேன் மூக்கைச் சுவரோடு ஒட்டி நின்றது. பின்னால் ஒரு லாரி. நகர்த்த வழியில்லை. சுவருக்கும் வேனுக்கும் நடுவில் வலது கையை விட்டு, கிரில்லுக்கு அடியில் துழாவினேன். துணியின் விளிம்பு விரலில் பட்டது. இழுத்தேன். எலாஸ்டிக் நான் தைத்ததாயிற்றே, சாமானியமாக வருமா? இன்னும் உள்ளே விட்டதில் கை முட்டிவரை மாட்டிக்கொண்டது. கன்னத்தை வேனின்மேல் வைத்து, இடது கையால் அதை அணைத்துப் பிடித்துக்கொண்டு, கையை எடுக்கப் பார்த்தேன். தோல் உரிந்த வலியில் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது.

அந்தக் கோலத்தில் மெக்கானிக் பார்த்துவிட்டார். என் தோளில் கை வைத்தார். பிறகு மெதுவாக, "விடுங்கண்ணா. மனுசனாட்டத்தானுங்க வண்டியும். இத்தன வருசம் ஒழைச்சுதில்லீங்களா" என்றார். நான் எப்படியோ கையை உருவிக்கொண்டு, முகத்தைத் துடைத்துக்கொண்டு, பேசாமல் வெளியே வந்துவிட்டேன்.

மறுநாள் யூனிட்டுக்குள் நுழைந்தால் எல்லோரும் என்னைப் பார்க்கிற விதமே மாறியிருந்தது. மெக்கானிக் போனில் என் மனைவியிடம் சொல்லியிருக்கிறார்: "அண்ணன் வண்டியக் கட்டிப் புடிச்சுட்டு அழுதாருங்க." அவள் பெண்களிடம் சொல்லியிருக்கிறாள். வேனை அவ்வளவு நேசிக்கிறார், செத்த வண்டியைப் பார்க்கப் பொறுக்காமல்தான் போடு போடு என்கிறார் என்று அவர்களே முடிவு கட்டிவிட்டார்கள். ஒருத்தி எனக்காகத் தனி டப்பாவில் பணியாரம் கொண்டுவந்திருந்தாள். என் மனைவி காலையிலிருந்து என்னைத் திட்டவேயில்லை. குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். எனக்குப் பணியாரம் தொண்டையில் இறங்கவில்லை. ஆனாலும் ஆறு சாப்பிட்டேன்.

அன்று சாயங்காலம், மற்றவர்கள் கைகால் கழுவப் போயிருந்தபோது, செக்கிங் அக்கா ஸ்டூலிலிருந்து இறங்கி என் மேஜைக்கு வந்தார். எப்போதும் இடுப்பில் செருகியிருக்கும், பிசிறு வெட்டும் தன் சின்னக் கத்தரியை ஒரு துண்டுத் துணியில் சுற்றிக் கையில் வைத்திருந்தார்.

"அண்ணா, நான் சனிக்கெழமையோட நின்னுக்கறனுங்க."

"ஏன்? கால் வலியா?"

"காலு கெடக்குதுங்க. வண்டி என்னாலதானுங்க கெட்டுப்போச்சு. எங்கூட்டுத் தடத்துல கல்லும் மண்ணுமா, தெனமும் ரெண்டு வாட்டி வந்து வந்துதானுங்க இன்ஜின் போச்சு. எனக்கு ஒருத்திக்காக நீங்க உள்ள வந்தீங்க. நீங்க அழுதீங்கன்னு கேட்டதுலருந்து எனக்குச் சோறு எறங்கலீங்க."

நான் எழுந்து நின்றுவிட்டேன். என் தப்புக்கு இவர் வேலையை விடுகிறார். அதுவும் என்னிடம் மன்னிப்புக் கேட்கிற குரலில்.

"உங்களால இல்லக்கா. வண்டி கெட்டது என்னாலதான்" என்றேன்.

"உங்களுக்கு நல்ல மனசுங்ணா. அப்படித்தான் சொல்லுவீங்க."

"நெசமாத்தான் சொல்லுதேன். நான் ரேடியேட்டருக்கு ஒரு பனியன் தச்சு மாட்டுனேன்."

அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "ஏனுங்ணா, தூங்கி எத்தன நாளாச்சுங்க?" என்றார். அதற்குள் மற்றவர்களும் என் மனைவியும் வந்துவிட்டார்கள். எல்லோரிடமும் சொன்னேன். ஒருவரும் நம்பவில்லை. அக்காவை நிறுத்திவைக்க நான் கதை கட்டுகிறேன் என்று என் மனைவிக்குக் கண் கலங்கியேவிட்டது. நாலு நாள் மறைத்த முழுப் பூசணிக்காயை நானே சோற்றிலிருந்து எடுத்துக் காட்டுகிறேன், பார்க்க ஆளில்லை.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "எல்லாரும் வண்டியில ஏறுங்க!" என்று கத்தினேன். வாடகை வேனில் எல்லோரையும் ஏற்றிக்கொண்டு நேராக மெக்கானிக் ஷெட்டுக்குப் போனேன். லாரியை நகர்த்தச் சொல்லி, வேனைப் பின்னால் தள்ளி, "இதுக்கு மூஞ்சியக் கழட்டுங்க, ரிப்பேர் பாக்கத்தான் போறோம்" என்றேன். ஏழு பெண்களும் என் மனைவியும் அரைவட்டமாக நின்றார்கள். மெக்கானிக் நாலு ஸ்குரூவைக் கழற்றி முன்பக்கத்துக் கிரில்லை எடுத்தார்.

துணி இருந்தது. நான் மாட்டிய துணி மாதிரியே இல்லை. பஞ்சும் சேறும் ஐப்பசி மழையும் சேர்ந்து, கம்பளியாட்டம் கனத்துக் கிடந்தது. மெக்கானிக் அதை உரித்து எடுத்து, முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். "ஓவர்லாக் நல்லா அடிச்சிருக்கீங்க" என்றார்.

செக்கிங் அக்கா கையை நீட்டினார். மெக்கானிக் கொடுத்தார். அக்கா பக்கத்திலிருந்த டூல்ஸ் மேஜையில் அதை விரித்து, இரண்டு உள்ளங்கையாலும் நீவினார். விரல்கள் விளிம்பிலிருந்து ஓடத் தொடங்கின. வலையின் ஓட்டைகளைத் தொட்டார். பிறகு தூக்கி, ஷெட்டின் ட்யூப்லைட் வெளிச்சத்துக்கு நேரே பிடித்தார். ஒரு பொட்டு வெளிச்சம்கூட இந்தப் பக்கம் வரவில்லை.

"சுருங்கிப்போச்சுங்க. காம்பாக்டிங் போகாத துணிங்க இது" என்றார்.

திருப்பூரில் குழந்தைக்கும் தெரிந்த விஷயம் அது. துணியைக் காம்பாக்டிங் மெஷினில் கொடுத்துச் சுருக்கத்தை முன்கூட்டியே எடுக்காவிட்டால், தண்ணீர் பட்டதும் தன்னால் சுருங்கும். கட்டிங் மேஜையில் இருபது வருஷம் அதையே மற்றவருக்குப் பாடமாக நடத்தியவன் நான். நான் துவைத்ததிலும் அப்புறம் பெய்த மழையிலும் சுருங்கிச் சுருங்கி ஓட்டையெல்லாம் மூடிக்கொண்டிருக்கிறது.

அக்கா இடுப்பில் செருகியிருந்த ஸ்டிக்கர் சுருளை எடுத்தார். ஒன்றைக் கிழித்தார். துணியில் ஒட்டப்போகிறார் என்று நினைத்தேன். என்னிடம் வந்து, என் சட்டைப் பையின்மேல், அம்புக்குறி என் முகத்தைப் பார்க்கிற மாதிரி ஒட்டினார்.

"ஏனுங்ணா," என்றார், மிக மரியாதையாக, "கண்ண எங்க வெச்சுட்டு வேலை பாத்தீங்க?"

முதலில் சிரித்தது மெக்கானிக். அப்புறம் என் மனைவி, தலையில் கைவைத்து உட்கார்ந்து சிரித்தாள். ஏழு பேரும் சிரித்த சிரிப்பில் பக்கத்துக் கடைக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். நானும் சிரித்தேன். நாலு நாள் கழித்து அன்றைக்குத்தான் மூச்சு ஒழுங்காக வந்தது. அக்கா சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, கத்தரியைத் துணியிலிருந்து பிரித்து மறுபடி இடுப்பில் செருகிக்கொண்டார். அதைப் பார்த்ததும் எனக்கு உண்மையாகவே அழுகை வந்தது. இந்த முறை யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

இன்ஜினை இறக்கி ஏற்றப் பத்து நாள் ஆனது. முதல் நாளிலேயே செய்திருக்க வேண்டியது, அதுவரை அக்காவை மட்டும் என் ஸ்கூட்டரில் தடத்துக்குள் போய்க் கூட்டிவந்தேன். "கண்ண எங்க வச்சுக்கிட்டு" என்று நான் ஆரம்பித்தால் போதும், யூனிட்டில் எங்கிருந்தாவது ஒரு குரல், "முன்னாடி கிரில்லுக்குள்ளீங்க!" என்று முடித்துவைக்கிறது. கத்துவதை விட்டுவிட்டேன் என்று சொல்ல முடியாது. குறைத்திருக்கிறேன்.

வேன் திரும்பி வந்த திங்கட்கிழமை, முள்வேலித் தடத்துக்குள் போய் அவர் வாசலில் ஹாரன் அடித்தேன். அக்கா டிபன் பையோடு வந்தார். நேராக ஏறவில்லை. காலை இழுத்து இழுத்து வேனின் முன்பக்கம் வந்தார். குனிந்து, கைப்பேசி வெளிச்சத்தை உள்ளே அடித்து, ரேடியேட்டரை இந்த முனையிலிருந்து அந்த முனைவரை பார்த்தார்.

"ஓகே பீஸ்" என்று சொல்லிவிட்டு, வந்து ஏறிக்கொண்டார். இன்றைக்கும் திங்கட்கிழமை திங்கட்கிழமை அதைப் பார்த்துச் சொல்லிவிட்டுத்தான் ஏறுகிறார். அவர் சொல்லாமல் நான் வண்டியை எடுப்பதில்லை.